முகத்துவாரம் வரைக்கும்

கார்த்திகை தீபத்துக்கு அகல்களை எடுக்கப் பரணில் கை விட்டேன். அகலுக்கு முன்னால் வந்து விழுந்தது உங்கள் கைவேலை. தெர்மாகோல் துண்டுகளை அரிசிச் சாக்குக்குள் வைத்துக் கோணி ஊசியால் தைத்து, நம் நாய் கருவாட்டுக்கென்று நீங்கள் செய்த மிதவைச் சட்டை. எட்டு மாதம் ஆகியும் ஏரியின் உப்பும் சேறும் மீனும் கலந்த வாடை அதில் அப்படியே இருந்தது. எனக்கு முன்பே கருவாடு மோப்பம் பிடித்துவிட்டது. ஓடி வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, வாசலில் நிற்கும் உங்கள் வண்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. கிளம்பலாம் என்று அர்த்தம். நான் அகலை மறந்து ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நாய்க்குக் கருவாடு என்று பெயர் வைத்த ஆள் இந்தச் சத்தியவேட்டில் நீங்கள் ஒருவர்தான். தடா பக்கத்துப் படகுத்துறையில் காயப்போட்டிருந்ததைத் திருடித் தின்று துடைப்பத்தால் அடி வாங்கவிருந்த குட்டியைச் சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்தீர்கள். "இன்னாங்க இது?" என்று கேட்டேன். "கருவாடு" என்றீர்கள். அதோடு பெயர் சூட்டும் விழா முடிந்தது.

வருஷத்துக்கு ஒருமுறை, மழை ஓய்ந்து ஏரி நிரம்பியதும், ஏழுமலையின் மீன்படகில் நாம் மூன்று பேரும் போவோம். தடாவிலிருந்து தெற்கே, பழவேற்காட்டில் ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் வரைக்கும். இடது கைப் பக்கம் நீளமான மணல்திட்டு, அதற்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத கடலின் இரைச்சல். நடுப் பலகையில் நீங்கள், எதிரே புளிச்சோற்றுத் தூக்கோடு நான், முனையில் கப்பல் தலைவன் மாதிரி கருவாடு. கல்யாணமாகிப் பதினாறு வருஷம், நமக்குப் பிள்ளை இல்லை. ஊரில் எல்லோரும் அதைப் பேசினார்கள், நீங்கள் ஒருநாளும் பேசவில்லை. படகு கரையை விட்டு நகர்ந்ததும் அந்தப் பேச்செல்லாம் கரையிலேயே நின்றுவிடும். எனக்கு அதற்காகவே அந்தப் பயணம் பிடித்திருந்தது. இதை உங்களிடம் சொன்னதில்லை.

அந்த ஏரிக்குப் பரப்பு உண்டே தவிர ஆழம் இல்லை. தண்ணீருக்குள் மறைந்திருக்கும் மேட்டில் படகு அடிக்கடி தட்டும். அப்போது என்ஜினை நிறுத்திவிட்டு எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். "தட்டுனா எறங்கணும், அதான் சட்டம்" என்பீர்கள். என்ஜின் சத்தம் நின்றதுமே கருவாடு குதித்துவிடும். அடுத்து நான், கடைசியில் நீங்கள். கரையிலும் இதே வரிசைதான். படகைக் கட்டிவிட்டு நீங்கள் இறங்கி வரும்வரை கருவாடு மணலில் திரும்பி நின்று குரைக்கும், உங்களை விட்டுவிட்டு ஓர் அடி எடுத்து வைக்காது.

மாசியில், ஸ்ரீசிட்டியில் நீங்கள் எலக்ட்ரீஷியனாக இருந்த தொழிற்சாலையில், ஏணி ஏறும்போது நெஞ்சு வலித்தது. திருப்பதி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மூன்று அடைப்பு, ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்றார்கள். நீங்கள் முடியாது என்றீர்கள். "நெஞ்சப் பொளக்க நான் இன்னா பலாப்பழமா?" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்து நாள் கெஞ்சினேன், நான்கு நாள் பேசாமல் இருந்தேன். அதற்குப் பிறகுதான் இறங்கி வந்தீர்கள், அதற்கும் ஒரு பேரம்.

"மொகத்துவாரம் வரைக்கும் ஒரு தபா போய்ட்டு வந்துட்லாம்மே. அப்பறம் நீ எங்க இட்டுகினு போனாலும் வரேன்."

"பங்குனியில ஏரியில தண்ணி ஏதுங்க?"

"கீற வரைக்கும் போலாம்."

தட்டினாலும் இறங்கக் கூடாது என்று கருவாட்டின் தலையில் உங்கள் கையை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டேன். எனக்கு அந்தத் தண்ணீரின் மேல்தான் பயம்.

புறப்பட்ட ஒரு மணி நேரத்திலேயே தட்டியது. ஏழுமலை இறங்கினான், கருவாடு குதித்தது, நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். முழங்கால் அளவுத் தண்ணீர், கீழே கொழகொழவென்று சேறு. நீங்கள் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். படகு அசையவே இல்லை. "மகாராஜா மாதிரி ஒக்காந்துகினு வாங்க! இனிமே ரெண்டு இட்லி கொறச்சித் துன்னுங்க" என்று கத்தினேன். வழக்கமாக ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பித் தருகிற ஆள், அன்றைக்குத் தரவில்லை.

"தள்றது சுலுவுமே. சும்மா ஒக்காந்துகினு பாக்கறதுதான் கஷ்டம்" என்றீர்கள்.

கோபித்துக்கொண்டீர்கள் என்று நினைத்துவிட்டேன். பதினாறு வருஷம் கூட வாழ்ந்தும் எனக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

மூன்றாவது தடவை தட்டியபோது ஏழுமலை, "இதுக்கு மேல போவாதுணா" என்றான். திரும்பிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். நீங்கள் தெற்கே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "கார்த்திகையில தண்ணி ரொம்பிக்கும், அப்ப கண்டிப்பா போலாங்க" என்றேன். "ஆவட்டும்" என்றீர்கள். அதற்குள் உங்கள் கை கருவாட்டின் ஈரத் தலைக்குப் போய்விட்டது.

நான்காம் நாள் ஆஸ்பத்திரி. இதைச் சொல்லத்தான் இந்த மடலையே எழுதுகிறேன், சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறேன்.

நர்ஸம்மா ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து, "சந்தகம் பெட்டண்டி" என்று நம் இருவரையும் கையெழுத்துப் போடச் சொன்னார். முழுக்கத் தெலுங்கு. ஊத்துக்கோட்டையிலிருந்து எல்லை தாண்டி வேலைக்கு வந்து இத்தனை வருஷத்தில் நீங்கள் தெலுங்கு பேசுவீர்கள், சண்டைகூடப் போடுவீர்கள், படிக்க மட்டும் வராது. வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் படித்துச் சொல்லுவது தெலுங்குப் பள்ளியில் படித்த நான்தானே. அன்றைக்கும் என்னிடம்தான் நீட்டினீர்கள்.

"இன்னா எழுதிக்கீது?"

மயக்க மருந்து, ரத்தம், எத்தனை நாள் தங்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஓர் இடத்தில் உயிருக்கு ஆபத்து நேரலாம், அதை அறிந்தே சம்மதிக்கிறோம் என்று இருந்தது. என் விரல் அதன் மேல் நின்றது. பத்து நாள் கெஞ்சி வாங்கிய சம்மதம். வாசித்தால் எழுந்து வீட்டுக்குக் கிளம்பிவிடுவீர்கள். விரலை நகர்த்திவிட்டேன்.

"எல்லாம் நல்லாத்தான் எழுதிக்கீது" என்றேன்.

"நல்லா கீதுன்னு சொல்றதுக்கா ரெண்டு பக்கம் எழுதிக்கீறாங்க?" என்று சிரித்துக்கொண்டே தமிழில் கையெழுத்துப் போட்டீர்கள். நான் தெலுங்கில் போட்டேன்.

கதவுக்கு வெளியே இரும்பு நாற்காலியில் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தள்ளுவதற்கு ஒன்றும் இல்லை. யாராவது வந்து இதைத் தூக்கு, அதைத் துடை என்று சொல்ல மாட்டார்களா என்றிருந்தது. டாக்டர் வந்து, முடிந்தவரை பார்த்தோம் அம்மா, இதயம் தாங்கவில்லை என்றார். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் பயந்த தண்ணீர் உங்களை ஒன்றுமே செய்யவில்லை. நான் நம்பிக் கூட்டிப்போன இடத்திலிருந்துதான் நீங்கள் திரும்பவில்லை. அந்த வரியைச் சொல்லியிருந்தால் இருந்திருப்பீர்களா, அல்லது வீட்டிலேயே போயிருப்பீர்களா? யாரைக் கேட்பது? சிரித்துக்கொண்டே போட்டீர்களே, தெரிந்துதான் போட்டீர்களா? அதற்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான்.

தீபம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை ஏழுமலைக்குப் போன் செய்தேன். காலையில் கருவாட்டுக்குச் சட்டையை மாட்டி, உங்கள் வண்டியில் முன்னால் நிற்க வைத்துத் துறைக்குப் போனேன். ஏரி நிரம்பிக் கிடந்தது. நான் என் இடத்தில் உட்கார்ந்தேன், நடுப் பலகை காலியாக வந்தது. ஒரு மணி நேரத்தில், "இங்கதானக்கா மாட்டிக்கினோம்?" என்றான் ஏழுமலை. நான் புடவையைச் செருகிக்கொண்டு எழுந்தேன். கருவாடும் குதிக்கத் தயாராக நின்றது. என்ஜின் நிற்கவில்லை. படகு உரசக்கூட இல்லாமல் அந்த மேட்டைத் தாண்டிப் போய்விட்டது. நின்ற நானும் வேறு வழியில்லாமல் உட்கார்ந்தேன், உங்கள் பலகையில்.

முகத்துவாரம் வந்தது. கருவாடு முதலில் குதித்தது, அடுத்து நான். ஏழுமலை படகைக் கட்டிவிட்டு இறங்கினான். கருவாடு பத்தடி ஓடி, திரும்பி நின்று, படகைப் பார்த்துக் குரைக்க ஆரம்பித்தது. படகில் யாரும் இல்லை. அது விடவில்லை.

"அதக் கூப்புடுக்கா" என்றான் ஏழுமலை.

என்ன சொல்லிக் கூப்பிடுவேன்? உங்களுக்கே ஒரு வரியைச் சொல்லாமல் மறைத்தவள், அதற்கு எதைச் சொல்லிப் புரியவைப்பேன்? ஈர மணலில் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். குரைத்துக் குரைத்து ஓய்ந்து, என் மடியில் தலையை வைத்துக்கொண்டு அது படகையே பார்த்தது. நானும் பார்த்தேன். வெயில் ஏறும்வரை அப்படியே இருந்தோம்.

நீங்கள் சொன்னது சரிதான். தள்ளுவது சுலபம்.