நூற்று முப்பத்தேழு ஜோடிக் காலணிகள்

அனுப்புநர்:
மூத்த செய்தியாளர்,
நகரச் செய்திப் பிரிவு, மாலை நாளிதழ் அலுவலகம்,
இரண்டாம் மாடி.

பெறுநர்:
காவல் துணை ஆணையர் அவர்கள்,
கிழக்கு மண்டலம்.

பொருள்: பொது மருத்துவமனைச் சலவைப் பிரிவு ஊழியர்களின் அமைதிவழி அமர்வுக்கான அனுமதி, நான் வெளியிட்ட தவறான எண்ணிக்கையின் பேரில் ரத்து செய்யப்பட்டது – என் தவறை ஒப்புக்கொண்டு, அனுமதியை மீண்டும் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இன்று, புதன்கிழமை காலை 10.40 மணிக்குத் தங்கள் அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்ட ஆணையின்படி, மருத்துவமனைக் கிழக்கு வாயிலுக்கு எதிரே நடந்துவந்த அமர்வுக்கான அனுமதி உடனடியாக ரத்தாகிறது. ஆணை உண்மையானதுதான் என்பதைத் தங்கள் தபால் பிரிவு எழுத்தர் 10.55 மணிக்கு என்னிடம் உறுதிப்படுத்தினார். ஆணை காட்டும் காரணம் ஒன்றே ஒன்று: அனுமதி 120 பேருக்கு; செவ்வாயன்று அமர்ந்தவர்கள் 137 பேர். அந்த எண்ணுக்கு ஆதாரமாகக் குறிப்பிடப்பட்டிருப்பது நேற்றைய எங்கள் மாலைப் பதிப்பு, மூன்றாம் பக்கம். அந்தச் செய்தியை எழுதியவள் நான்.

2. ஆணையின் இரண்டாம் பத்தி, அமைப்பாளர் நாளை மாலை நான்கு மணிக்குத் தங்கள் முன் ஆஜராகி விளக்கம் தர வேண்டும் என்கிறது. அந்த அமைப்பாளர் என் தங்கை. சலவைப் பிரிவில் பதினான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறார். இந்த உறவை மறைத்து இம்மனுவை எழுதுவது முறையல்ல என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

3. ஊழியர்கள் கேட்பது மூன்று. வார்டுகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைப் பிரித்துப் போடத் தடித்த கையுறை. தொற்று வார்டுத் துணிகளுக்குத் தனி நிறப் பை. விரிப்பில் சிக்கி வரும் ஊசி யாருக்காவது குத்தினால் அன்றைக்கே இரத்தப் பரிசோதனை. சென்ற ஆறு மாதத்தில் நான்கு பேருக்கு ஊசி குத்தியிருக்கிறது. இந்த மூன்றையும் பரிசீலிக்க மருத்துவமனைப் பாதுகாப்புக் குழு வரும் வெள்ளிக்கிழமை பகல் 11 மணிக்குக் கூடுகிறது. குழு கூடும் அறையின் ஜன்னல் கிழக்கு வாயிலைப் பார்த்திருக்கிறது. அதனால்தான் அந்த நடைபாதையைக் கேட்டார்கள். வேறு இடத்தில் உட்கார்ந்தால் குழுவின் கண்ணில் படமாட்டார்கள்.

4. இனி எண்ணிக்கை. கூட்டத்தை நான் இருமுறை எண்ணுவது வழக்கம். தார்ப்பாயில் உட்காருகிறவர்கள் ஓரத்தில் காலணி கழற்றி வைப்பார்கள். முதலில் அந்த ஜோடிகளை எண்ணுவேன். பிறகு ஓர் ஓரமாக நின்று தலைகளை வரிசை வரிசையாக எண்ணுவேன். இரண்டும் ஒத்துப்போனால் மட்டுமே அச்சுக்குத் தருவேன். இருபத்தேழு ஆண்டுகளாக இப்படித்தான். செவ்வாயன்று காலணிகள் 137 ஜோடி இருந்தன. தலைகளை எண்ணவில்லை.

5. இன்று காலை ஆணையைப் பார்த்த பிறகு சலவைக்கூடத்துக்குப் போனேன். ஷிஃப்ட் மேற்பார்வையாளரான அம்மாள் என் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்மா, ரப்பர் பூட்ஸையும் சேத்தா எண்ணுன? ஒரு ஆளுக்கு எத்தன காலுன்னு நெனச்ச?" என்றார். விவரம் இதுதான். சலவைக்கூடத் தரையில் எப்போதும் கணுக்கால் நனையத் தண்ணீர் நிற்கும். உள்ளே ரப்பர் பூட்ஸ் இல்லாமல் நடக்க முடியாது. உலர்த்தும் அறையில் விட்டுவந்தால் அடுத்த ஷிஃப்டில் யாராவது போட்டுக்கொண்டு போய்விடுவார்கள் என்பதால், வேலை முடிந்ததும் ஒவ்வொருவரும் தம் பூட்ஸைக் கையோடு எடுத்து வருவார்கள். செவ்வாயன்று வேலை முடித்து நேராக வந்து உட்கார்ந்தவர்கள் 22 பேர். காலில் செருப்பு, கையில் பூட்ஸ். இரண்டையும் ஓரத்தில் வைத்தார்கள். இரண்டையும் நான் எண்ணினேன்.

6. கழித்தால் 115. இதில் இரண்டாம் வரிசையில் சாதாரண உடையில் உட்கார்ந்திருந்த தங்கள் துறையினர் இருவர். பல ஆண்டுகளாக எனக்கு முகம் தெரிந்தவர்கள். தங்கை பேசி முடித்தபோது அவர்களும் கைதட்டினார்கள். குறையாகச் சொல்லவில்லை, குறிப்பில் இருப்பதால் சொல்கிறேன். அவர்களையும் கழித்தால் 113. அதிலும் ஒரு ஜோடி என்னுடையது. தார்ப்பாய் ஓரத்தில் நின்று குறிப்பெடுக்கச் செருப்பைக் கழற்றியிருந்தேன். ஆக, அமர்ந்திருந்த போராட்டக்காரர்கள் 112 பேர். அனுமதித்த எண்ணிக்கையைவிட எட்டுப் பேர் குறைவு. பூட்ஸ் வைத்திருந்த 22 பேரின் கையொப்பமிட்ட பட்டியலை இத்துடன் இணைத்துள்ளேன்.

7. இரண்டாம் முறை ஏன் எண்ணவில்லை என்று தாங்கள் கேட்கலாம். கேட்காவிட்டாலும் சொல்வது என் கடமை.

எங்கள் வீட்டில் தங்கைக்குப் பட்டப்பெயர் வானொலி. அவள் வாயைத் திறந்தால் சமையலறையில் இருப்பவர்களும் கூடத்துக்கு வந்துவிடுவார்கள். பள்ளிப் பேச்சுப்போட்டிக்கு அவள் பேசியது நான் எழுதிக்கொடுத்தது. கோப்பை அவளுக்குக் கிடைத்தது. இன்றும் அது அவள் வீட்டு அலமாரியில் பேனாக்களைத் தாங்கி நிற்கிறது. போகும்போதெல்லாம் பார்க்கிறேன். என் பெயர் போட்டு வந்த செய்திகள் நாலாயிரத்துக்கு மேல் இருக்கும். அவற்றைப் படித்து ஒரு தெரு வாயடைத்து நின்றதாக எனக்குத் தகவல் இல்லை.

செவ்வாய் பகல் 11.40 மணிக்கு அவள் கை மைக்கை வாங்கினாள். தெரு வாயடைத்து நின்றது. ஆட்டோக்காரர்கள் இன்ஜினை அணைத்தார்கள். அவள் பேசியதை என் குறிப்பேட்டிலிருந்து அப்படியே தருகிறேன்:

"பெட்ஷீட்ட உதறுனா ஊசி விழுது. கையுறை கேட்டா, 'ஏம்மா, வெயில் காலத்துல எதுக்கு'ங்கறாங்க. போன மாசம் இருபத்தாறாம் தேதி எனக்கே குத்திருச்சு. வீட்ல யார்கிட்டயும் சொல்லல. அக்காகிட்ட சொன்னா, எத்தன மணிக்குக் குத்துச்சு, எந்தக் கை, பாத்த சாட்சி யாருன்னு கேப்பா. அதான் உங்ககிட்ட சொல்றேன்."

கூட்டம் சிரித்தது. கூடவே சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இஸ்திரிப் பிரிவுப் பெண் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார். அந்தப் பெண்ணுக்கு விஷயம் பன்னிரண்டு நாளாகத் தெரியும் என்பது அந்தக் கையிலேயே தெரிந்தது. எனக்கு ஆட்டோக்காரர்களோடு சேர்ந்துதான் தெரிந்தது.

ஐயா, பயம்தான் முதலில் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை. அந்த 112 பேர் மீதும், அந்த இஸ்திரிக்காரப் பெண் மீதும், அந்த மைக் மீதும். என் தங்கையின் கையில் குத்திய ஊசி எனக்கு முன்னால் ஒரு தெருவுக்கே சொந்தமாகிவிட்டது என்று வயிறு எரிந்தது. அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கப் பிடிக்கவில்லை. பார்க்காமல் தலைகளை எண்ண முடியாது. குனிந்து காலணிகளை மட்டும் எண்ணிவிட்டு, ஆம்புலன்ஸ் வரும் வாயில் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

8. அலுவலகத்தில் செய்தி ஆசிரியர், "உன் தங்கச்சி பேசுனத அப்படியே போட்டுடுவோம், நீ மேல ரெண்டு வரி எழுதினா போதும்" என்றார். நான் எழுதியது நான்கு வரி. நாள், இடம், எண்ணிக்கை, போக்குவரத்து நிலை. அவள் பேச்சிலிருந்து ஒரு சொல்லும் அதில் இல்லை. கையுறை இல்லை, பை இல்லை, ஊசி இல்லை. இடம் போதவில்லை என்று ஆசிரியரிடம் சொன்னேன். பக்கத்தில் இடம் இருந்தது. அங்கே கடைசியில் மிதிவண்டிப் படம் ஒன்று போட்டார்கள். ஆக, அந்தச் செய்தியில் தங்கள் அலுவலகம் எடுத்துப் பயன்படுத்தக்கூடியதாக எண்ணிக்கை மட்டுமே மிஞ்சியது. அந்த எண்ணும் தவறு.

9. 112 என்பது வரம்புக்குள் இருக்கிறது. ஆனாலும் இம்மனு அந்த ஒரு கணக்கை மட்டும் நம்பி நிற்கவில்லை. 137 பேரே உட்கார்ந்திருந்தாலும் செவ்வாயன்று அங்கே என்ன கெட்டது என்பதைக் குறிப்பேட்டில் தேடினேன். ஆம்புலன்ஸ்கள் உள்ளே போன நேரம் 10.52, 11.31, 12.20. மூன்றும் எங்கும் நிற்கவில்லை. மூன்று முறையும் முன்வரிசையில் இருந்தவர்கள் கேட்காமலே காலை மடக்கி வழிவிட்டார்கள். கல் இல்லை, தடி இல்லை, வசவு இல்லை. பகல் ஒரு மணிக்குத் தார்ப்பாயைச் சுருட்டி, குப்பையைப் பொறுக்கிக்கொண்டு போனார்கள். குடிமக்கள் அமைதியாகக் கூடித் தங்கள் குறையைச் சொல்வது இந்நாட்டின் சட்டம் தரும் உரிமை. தங்கள் அலுவலகம் தரும் சீட்டு அதை ஒழுங்குபடுத்தத்தான். பதினேழு ஜோடிச் செருப்பு கூடுதலாகக் கிடந்தது என்று முழு உரிமையையும் சுருட்டிவைப்பது ஒழுங்குபடுத்தல் ஆகாது.

10. இந்த இருபத்தேழு ஆண்டுகளில் எனக்குப் பிடித்த கூட்டங்களையும் பிடிக்காத கூட்டங்களையும் எண்ணியிருக்கிறேன். பிடிக்காதவர்களின் தலைகளைக் குறைத்து எழுதியதில்லை என்பது என் தொழில் கர்வம். சொந்தத் தங்கை விஷயத்தில் அந்தக் கர்வம் போயிற்று. அவள் குரல் கேட்டு நான் இன்றைக்கும் புழுங்குகிறேன். இதை எழுதும்போதும் அது தணியவில்லை. நான் புழுங்குவதற்காகவாவது அவள் அங்கே உட்கார்ந்து பேச வேண்டும். என் பொறாமை என் வீட்டு விவகாரம். அது ஒரு காவல் ஆணைக்கு ஆதாரமாக நிற்கக் கூடாது.

11. ஆகவே தங்களைப் பணிவுடன் வேண்டுவது:

அ) ரத்து ஆணையைத் திரும்பப் பெற்று, வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் காலை 10 முதல் பகல் 1 வரை முன்பு அனுமதித்த அதே இடத்தில் அமர அனுமதிக்க வேண்டும். குறிப்பாக வெள்ளிக்கிழமை, குழு கூடும் நாளில் அந்த ஜன்னலுக்கு எதிரே நடைபாதை காலியாகக் கிடந்தால் பிறகு கிடைக்கும் அனுமதியால் பயனில்லை.

ஆ) நாளை விளக்கம் தர அமைப்பாளரை அழைத்திருப்பதை ரத்து செய்து, அவருக்குப் பதிலாக என்னை அழைக்க வேண்டும். எண்ணியவள் நான். விளக்கம் என்னிடம் இருக்கிறது.

இ) இனி எந்த அமர்வின் எண்ணிக்கையையும் தங்கள் துறையே எண்ணி முடிவு செய்ய வேண்டும். இரண்டாம் வரிசையில் இருந்த இருவரைக் கேட்டிருந்தாலே செவ்வாய்க் கணக்கு தெரிந்திருக்கும்.

12. நிலுவையில் உள்ளவை: என் செய்திக்கான திருத்தம், ஊழியர்களின் மூன்று கோரிக்கைகளோடு, இன்று மாலைப் பதிப்பில் அதே மூன்றாம் பக்கத்தில் வரும் என்று செய்தி ஆசிரியர் உறுதி கூறியுள்ளார். தங்கள் ஆணை நாளை காலை 10 மணிக்குள் வந்தால் தார்ப்பாய் விரிக்கப்படும். பாதுகாப்புக் குழுவின் முடிவு வெள்ளி மாலைக்குள் எதிர்பார்க்கப்படுகிறது. அமைப்பாளரின் முதல் இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று மேற்பார்வையாளர் தெரிவித்தார்; இரண்டாம் பரிசோதனை ஏப்ரல் 9. இன்று காலை முதல் அமைப்பாளரை மூன்று முறை தொலைபேசியில் அழைத்தேன். எடுக்கவில்லை. ஊசி குத்தியது எந்தக் கை என்பது, இம்மனு எழுதி முடிக்கும் பகல் 1.15 மணி வரை, எனக்குத் தெரியவில்லை.

தங்கள் ஆணையை எதிர்நோக்கி,

(கையொப்பம்)
மூத்த செய்தியாளர்

நாள்: மார்ச் 11, புதன்கிழமை
இடம்: கிழக்கு வாயில் எதிர் நடைபாதை

இணைப்பு: குறிப்பேட்டின் செவ்வாய்க்கிழமைப் பக்கங்களின் நகல், 22 ஊழியர்களின் கையொப்பப் பட்டியல்.