தம்பிக்கு எந்த ஊர்?

நண்பா,

உன் சைக்கிள் டைனமோ என் மேசைமேல் இருக்கிறது. முசிறியிலிருந்து வந்த உன் தங்கை துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். அறை முழுக்கத் துருவும் எண்ணெயும் கலந்த வாசம். நீ கண்ணை மூடிய செய்தியே அவள் சொல்லித்தான் தெரியும். இந்த வீட்டில் அதைச் சொல்லி அழ எனக்கு ஆளில்லை. அதனால் உன்னிடமே பேசுகிறேன்.

டயகம தேயிலைத் தோட்டத்தில், நம் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் மலைத்தண்ணீர் விழுமே, அந்தப் பீலி. தகரத்தை வெட்டிச் சக்கரம் செய்து, அதைப் பீலித் தண்ணீரில் சுழலவிட்டு, இந்த டைனமோவைப் பொருத்தி ஒரு குட்டி பல்பை எரியவைத்தாய். குடத்தோடு வந்த உன் அம்மா, "தண்ணி புடிக்க வந்தவங்கள நிக்க வச்சிட்டு வெளக்கா ஏத்துற?" என்று வைதார். வைதுகொண்டே பல்பையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நம் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்குத் தேறியவர்கள் நாம் இருவர்தான். உனக்குப் பொறியியல், எனக்குப் பௌதிகம். படிப்பு இலவசம், ஆனால் தங்கவும் சாப்பிடவும் அரசாங்க உதவிப்பணம் கிடைத்தால்தான் உண்டு. கொழுந்துக் கூடையை நம்பிக் கொழும்பில் காலம் தள்ள முடியுமா? நேர்முகத்துக்கு ஹட்டனில் ஒன்றாக ரயிலேறினோம். பாலத்தையும் சுரங்கத்தையும் காட்டி வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாய். நான் பயத்தில் சான்றிதழ்களையே திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன்.

உன்னை முதலில் கூப்பிட்டார்கள். கதவு சரியாக மூடவில்லை. எல்லாம் காதில் விழுந்தது. மின்சாரத்தைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் மளமளவென்று பதில் சொன்னாய். கடைசியில் அந்த யாழ்ப்பாணத்து அதிகாரி அன்பாகத்தான் கேட்டார்: "தம்பிக்கு எந்த ஊர்?"

"முசிறிப் பக்கங்க."

நம்மில் யார்தான் வேறு சொல்லியிருப்போம்? பிறந்து வளர்ந்த இடத்தை நாம் தோட்டம் என்போம். ஊர் என்றால் தாத்தா கிளம்பி வந்த இடம். அதை நீ கண்ணால்கூடக் கண்டதில்லை. நம் ஆட்களின் பிரஜாவுரிமை அந்தரத்தில் தொங்கிய காலம் அது. இங்கேயே இருக்கப்போகிறவர்களுக்குத்தான் பணம்.

"அப்ப நீர் இந்தியாவிலயெல்லோ கேக்க வேணும்," என்றார் அதிகாரி.

வெளியே வந்தாய். முகம் செத்துப்போயிருந்தது. ஆனாலும் என் காதருகே குனிந்தாய். "டேய், ஊரு எதுன்னு கேப்பாங்க. டயகமன்னு சொல்லு. நான் மாத்திச் சொல்லிட்டேன்டா."

நீ கதவுக்கு வெளியே நிற்க, உள்ளே போய் அப்படியே சொன்னேன். எனக்குக் கிடைத்தது.

விரிவுரை மண்டபத்தில் என் தோட்டத்துப் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். அதனால் பேசாமலே படித்து முடித்தேன். சந்தேகம் வந்தால் உன்னிடம் கேட்பதுபோல் மனதுக்குள் கேட்டுக்கொள்வேன். நீயோ காலையில் பெரட்டுக்குப் போய் அன்றைய வேலைக்குப் பேர் கொடுத்து, மண்வெட்டியோடு மலை ஏறிக்கொண்டிருந்தாய். பிறகு இரு நாட்டு ஒப்பந்தத்தில் உன் குடும்பமே இந்தியாவுக்குக் கிளம்பியது. ஹட்டன் ஸ்டேஷனில் தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்து சிரித்தாய்: "ஒரு வழியா ஊரப் பாக்கப் போறேன்டா." எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒற்றைச் சொல்லுக்காக ஒரு இஞ்சினியரைத் தள்ளிவிட்டார்களே என்ற ஆத்திரம் இன்றும் ஆறவில்லை.

உன் தங்கை சொன்னாள்: "அங்க எங்களச் சிலோன்காரங்கன்னுதான் கூப்புட்டாங்க. அண்ணே மோட்டார் ரிப்பேர் கடை போட்டுச்சு. போர்டுல சாமி பேரு எழுதச் சொன்னோம், கேக்கல. 'டயகம'ன்னு மட்டும் எழுதுச்சு. எந்த ஊருன்னு யாராச்சும் கேட்டா, பேசாம அந்த போர்டக் காட்டும்."

டைனமோவை விரலால் சுழற்றிப் பார்த்தேன். இன்னும் நன்றாகத்தான் சுற்றுகிறது.

ஆஸ்பத்திரியில், பஸ்ஸில், எங்கே யார் ஊர் கேட்டாலும் நீ சொல்லிக்கொடுத்த பதிலைத்தான் சொல்கிறேன். சொல்லிவிட்டு, கதவுக்கு வெளியே நீ நிற்கிறாயா என்று ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்க்கிறேன்.