பிலோமிக்குப் பட்டணம் காட்டினேன்

1948 ஜனவரி 6, செவ்வாய்

மொட்டை, காலையில் நல்ல பனி. துறைமுகத்துப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. கப்பல் சங்கு மட்டும் கேட்டது.

(வேளாங்கண்ணியில் முடி எடுத்த நாளிலிருந்து நீ எனக்கு மொட்டைதான். மீசை வந்த பிறகும்.)

தூத்துக்குடி ரயிலில் உன் மாமா, மாமி, பிலோமி மூன்று பேரும் வந்து இறங்கினார்கள். பட்டணம் பார்க்க வந்தோம் என்றார் அண்ணன். நீ கப்பலுக்குப் போன இந்த ஐந்து வருடத்தில் ஒரு தரம் எட்டிப் பார்க்காதவர். உனக்காகக் காத்திருப்போம், கல்யாணத்துக்கு அவசரமில்லை என்று சொல்லத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்படி ஒரு சந்தோஷம்.

கோடவுனில் கோணி தைக்கிற வேலைக்கு லீவு சொன்னேன். மேஸ்திரி, "இன்னாம்மா, புள்ள கப்பல்லேர்ந்து வந்துட்டானா?" என்றான். "இல்ல மேஸ்திரி. மருமவ வந்துகீறா."

வஞ்சிரக் குழம்பு. உப்பு கொஞ்சம் தூக்கல். யாரும் சொல்லவில்லை.

பிலோமி முகத்துக்கு முன்னால் அவள் விரலைத்தான் பார்த்தேன். மோதிரம் இருக்கிறது. நிச்சயத்தன்று நீ போட்டுவிட்டபோது நழுவி நழுவி விழுந்ததே, நூல் சுற்றிக் கொடுத்தோமே. இப்போது விரலை இறுக்குகிறது.

சாயங்காலம் டிரங்குப் பெட்டியைத் திறந்து கூறைப் புடவையைக் காட்டினேன். சீப்பு, கண்ணாடி, இரண்டு ரவிக்கைத் துணி. எல்லாம் அவளுக்கென்று சேர்த்தது. மாமி மகளைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள். "நல்ல சேலை, சலேத்து" என்றாள் மாமி. தொடவில்லை.

ஏனென்று விளங்கவில்லை.

ஜனவரி 7, புதன்

வெயில். டிராமில் கூட்டம். அண்ணன் படியிலேயே நின்று வேடிக்கை பார்த்தார். கண்டக்டர் கத்தினான். "உள்ள போ நைனா! படில நின்னுகினே பட்டணத்த பாத்துடுவியா?"

"ஏளா சலேத்து, இவன் என்னத்தச் சொல்லுதான்?"

"உள்ள போவச் சொல்றாண்ணே."

"நீயும் இவனமாதிரிதாம்ளா பேசுத."

பிலோமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பார்த்தது: ஐகோர்ட், மூர் மார்க்கெட், உயிர்க் காலேஜ். புலி தூங்கியது. குரங்கு பிலோமி தலையில் இருந்த பூவைப் பிடுங்கித் தின்றது. விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நீ இல்லாமல் இவளுக்கு என்ன சிரிப்பு? அப்புறம் வெட்கமாகப் போயிற்று. இருபது வயசுப் பெண். குரங்கைப் பார்த்தால் சிரிக்காமல் அழவா முடியும்.

நாளை செத்த காலேஜ் (மியூசியம்தான்) பார்ப்போம் என்றார் அண்ணன். நான் வரமாட்டேன் என்றுவிட்டேன். அந்தப் பெயரே ஆகாது எனக்கு.

கால் வலி. செருப்பு வார் அறுந்தது.

ஜனவரி 8, வியாழன்

எங்கே கிளம்பினாலும் என் கால் துறைமுகத்துக்குத்தான் போகிறது. இன்றும் அங்கேதான் கூட்டிப்போனேன். உள்ளே விடமாட்டார்கள். கம்பிக்கு வெளியே நின்றோம்.

"எந்தப் பக்கமா போனாவ, அத்தை?" என்றாள் பிலோமி.

கையை நீட்டிக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாலு மணி இருக்கும். டீக்கடை. "இன்னாம்மா வோணும்? டீ கீது, பன்னு கீது, பிஸ்கோத்து கீது." நாலு டீ, நாலு பன். பிலோமி நாக்கைச் சுட்டுக்கொண்டாள். சாஸரில் ஊற்றி ஊதிக் கொடுத்தேன்.

மாமி பன்னைப் பிய்த்துப் பிய்த்து, ஒரு துண்டும் வாயில் போடவில்லை.

"சலேத்து, கோவிச்சுக்கிடாத. பிலோமிக்கு ஒரு இடம் வந்திருக்கு. மாப்பிள்ளைக்கு ரயில்வேல வேல. ஊர்ச் சாமியார் பூசைல கல்யாண ஓல வாசிச்சு அறிவிக்க மாட்டேங்காரு. அது கோயில்ல மந்திரிச்ச மோதிரம், அதப் போட்ட பையனப் பெத்தவ கையால எழுதி வாங்கிட்டு வாங்க, அப்புறம் கல்யாண ஓல வாசிக்கேங்காரு."

டீ சூடாகத்தான் இருந்தது. டம்ளரைக் கீழே வைத்தேன்.

"கம்பெனிக் காயிதத்துல காணோம்னுதான போட்டுக்கீது? செத்தான்னா போட்டுக்கீது?"

சத்தமாகக் கேட்டுவிட்டேன் போல. பக்கத்துப் பெஞ்சில் பேச்சு நின்றது.

அண்ணன் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சண்ட முடிஞ்சே ரெண்டு வருசம் தாண்டியாச்சுளா. அந்தக் கப்பல்ல போனவன் ஒருத்தனாவது வந்தானா?"

பிலோமி எழுந்து போய்க் கடை வாசலில் நின்றாள். என் டீயில் ஆடை படிந்துவிட்டது. அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 9, வெள்ளி

மூட்டம். எங்கும் போகவில்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை.

மாமிதான் டீ போட்டாள். அவரவர் டம்ளரை எடுத்துக்கொண்டு அவரவர் மூலையில்.

பிலோமி கொல்லையில் கையில் சோப்பைப் போட்டுக்கொண்டு மோதிரத்தை இழுத்துக்கொண்டிருந்தாள். விரல் சிவந்து வீங்கிக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் கையைப் பின்னால் மறைத்தாள்.

"அந்தப் புள்ளய உனக்குப் புடிச்சிக்கீதா?"

தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு, "நீங்க எழுதித் தராட்டா நான் இப்படியே இருந்துக்கிடுவேன், அத்தை. நெசமாத்தான் சொல்லுதேன்."

அதற்குப் பதிலாக என்னை நாலு அடி அடித்திருக்கலாம்.

தேங்காயெண்ணெய் தடவி, மெல்லத் திருகித் திருகி நானே கழற்றினேன். நீ போட்டதை நான் கழற்றினேன், மொட்டை. சின்னதாக, சூடாக இருந்தது. அவள் உடம்புச் சூடு.

பத்து வருடமானாலும் இவள் இருப்பாள், இவள் இருக்கும்வரை நீ வருவாய் என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். பைத்தியக்காரி.

ஜனவரி 10, சனி

காற்று. துவைத்த துணி பறந்து போய்ச் சாக்கடையில்.

உன் பள்ளிக்கூட நோட்டில் ஒரு தாள் கிழித்தேன். "பிலோமியை நான் விட்டுக்கொடுக்கிறேன்" என்று எழுதிக் கொடுத்தேன். அண்ணன் படித்துவிட்டு, "காரணம் இல்லாட்டா சாமியார் ஒத்துக்க மாட்டாருளா" என்றார். அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. இன்னொரு தாள். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

என் மகன் கடலில் இறந்துபோனான்.

மூன்றாம் வகுப்புப் படித்த கை. அந்த ஒரு வரி தாள் முழுக்கக் கோணிக்கொண்டு போயிற்று. கீழே கையெழுத்துப் போட்டேன்.

கூறைப் புடவையைக் கொடுத்தேன். மாமி பதறிப்போய், "வேண்டாம் சலேத்து, அது வேண்டாம்" என்றாள். புரிந்தது. எழுதிக் கொடுத்த பிறகு அது செத்தவன் வீட்டுப் புடவை. பிலோமி சீப்பை மட்டும் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

எழும்பூரில் ரயில் ஏற்றினேன். ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டாள். மோதிரம் இருந்த இடம் வெளுத்திருந்தது. "அத்தை, சாப்பிடுங்க" என்றாள். வேறு என்ன சொல்வாள்.

வீடு. டம்ளர் நாலும் கழுவவில்லை. மோதிரம் என் சுண்டுவிரலில்கூட ஏறவில்லை.

நாளைக்கு ஞாயிறு. கடல்மேல் இருப்பவர்களுக்குச் சொல்லும் ஜெபத்தில் எப்போதும்போல உன் பெயரையும் சேர்க்கச் சொல்லுவேன்.

மொட்டை, அந்தத் தாளில் அம்மா எழுதினது பொய்தானே?