ஆட்கள் போன பிறகு வரும் பசி

மச்சாள்,

சவர்க்காரம் போட்டு எத்தனை தரம் கழுவியும் வெங்காயமும் வறுத்த தூளும் என் விரலிடுக்கை விட்டுப் போகிறதாயில்லை. தலைமயிரிலும் அதே மணம். இன்று உங்கள் ஆட்டத் திவசம். நீங்கள் போய் ஒரு வருடம். வந்தவர்கள் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, மிஞ்சியதில் பார்சலும் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நான் குசினி வாசற்படியில் இருக்கிறேன். உள்ளே பானையில் சோறு கிடக்கிறது, சட்டிகளில் கறிகள் கிடக்கின்றன. காலையில் ஒரு தேத்தண்ணீர் குடித்ததோடு சரி. ஆனாலும் ஒரு பிடி சோறு வாயில் வைக்க மனம் வரவில்லை.

உங்கள் தம்பி எட்டிப் பார்த்தார். "நீ இன்னும் சாப்பிடேல்லையோ?"

"எனக்கு இப்ப வேண்டாம். மணத்தாலேயே வயிறு நிரம்பிட்டுது" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய பதில் என்று உறைத்தது.

உங்கள் தம்பியைக் கட்டி இந்தத் தர்மபுரத்து வளவுக்குள் கால் வைத்த நாளிலிருந்து அந்தப் பதிலைக் கேட்டிருக்கிறேன். ஒரே வளவில் இரண்டு வீடு, ஆனால் ஒரு குசினிதான். வீடு வீதியோரம் என்பதால் முல்லைத்தீவுக்குப் போகிறவர்களும் அங்கிருந்து வருகிறவர்களும் இறங்காமல் போகமாட்டார்கள். ஆவணி பிறந்தால் வெளிநாட்டுச் சொந்தங்கள் வான் வண்டி பிடித்து வந்து நிற்கும். உங்கள் அவர் காலமான பிறகாவது வரவு குறையும் என்று நினைத்தேன். எங்கே குறைந்தது! விடியமுன் எழும்பி, ஊர்க்கோழிக் குழம்பு, இறால் பொரியல், கணவாய்க் கறி, அதற்கு மேல் மரக்கறிகள் என்று அடுப்படியே கதியாக நிற்பீர்கள். நான் தேங்காய் துருவித் துருவிக் கை ஓய்ந்து போவேன்.

பரிமாறும்போது உங்கள் குரலே வேறு. "வெக்கப்படாமச் சாப்பிடுங்கோ. இன்னும் கொஞ்சம் போடட்டோ?" சாப்பிடுகிறவர் போதும் என்று சோற்றுக்கு மேல் கையை விரித்தால், விரலுக்குள்ளால் கறியை விட்டுவிடுவீர்கள். "நீங்களும் இருங்கோவன், ஒண்டாச் சாப்பிடுவம்" என்று யாராவது சொன்னால், "ருசி பாத்துப் பாத்தே எனக்கு வயிறு நிரம்பிட்டுது" என்பீர்கள். பச்சைப் பொய். உப்புப் பார்க்க உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்குவதைத் தவிர நீங்கள் எதையும் வாயில் வைத்து நான் கண்டதில்லை.

வான் படலையைத் தாண்டியதும் கிணற்றடிக்குப் போய்த் தோய்ந்துவிட்டு, துவாயால் தலையைக் கட்டிக்கொண்டு இந்தப் படியில் வந்து இருப்பீர்கள். அப்போதுதான் உங்களுக்குப் பசி வரும். அந்தப் பசிக்கும் வீட்டில் இருக்கிற ஒன்றும் ஆகாது. சந்திக் கடைக்கு ஆள் அனுப்பி, மேலே சீனி ஒட்டிய நீளமான பணிஸ் எடுப்பிப்பீர்கள். அத்தனை கறி சமைத்த மனிசி அதைப் பிய்த்து, வெறுந்தேத்தண்ணீரில் தோய்த்து, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டதை முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"உள்ளுக்கு இவ்வளவு கறி கிடக்கு, உதையோ சாப்பிடுறியள்?"

"இது நான் சமைக்காதது, பிள்ளை. அதுதான் ருசி."

அதற்குப் பிறகு அந்த நேரம் எங்கள் இரண்டு பேருக்கும் உரியதாயிற்று. உங்களைத் தனியே சாப்பிட விட்டதில்லை. நானும் தேத்தண்ணீரோடு பக்கத்தில் குந்திக்கொள்வேன். வந்துபோனவர்களின் தலை உருளும். "அந்தக் கனடாக்காரி டயட் டயட் எண்டு சொல்லிச் சொல்லியே கோழிச் சட்டியை வழிச்சுப் போட்டாளடி" என்று நீங்கள் சொல்லி, எனக்குத் தேத்தண்ணீர் மூக்கால் வந்தது நினைவிருக்கிறதா? வாய்தான் திட்டும். அடுத்த ஆவணிக்கு அவளுக்கென்று ஒரு கோழியை அதிகமாக வளர்ப்பீர்கள்.

செட்டிகுளம் முகாமையும் இன்று நினைத்தேன். சண்டை முடிந்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த கையோடு, வெயிலில் வரிசையில் நின்று சோற்றுப் பொதி வாங்கினோம். உங்களைக் கொஞ்சமாவது சிரிக்க வைக்கலாம் என்று, "மச்சாள், இதுவும் நீங்கள் சமைக்காததுதானே" என்றேன். நீங்கள் சிரிக்கவில்லை. பொதியைப் பிரித்தபடி, "ஓம். ஆனா, இன்னும் கொஞ்சம் போடட்டோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை" என்றீர்கள்.

சில நாளில் எங்கோ ஒரு வெற்றுப் பால்மாத் தகர ரின்னைத் தேடிப் பிடித்தீர்கள். கல் கூட்டி, அதில் தண்ணீர் கொதிக்க வைத்து, பக்கத்துக் கூடாரத்து மனிசியைக் கூப்பிட்டுத் தேத்தண்ணீர் கொடுத்தீர்கள். அந்த மனிசி மகனைத் தொலைத்துவிட்டு வந்து, யாரோடும் கதைக்காமல் இருந்தவர். தேத்தண்ணீரோடு நக்க அவருடைய உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து, "இன்னும் கொஞ்சம் போடட்டோ?" என்று நீங்கள் கேட்டதும் அவர் ஓவென்று அழத் தொடங்கினார். நானும் அழுதேன். நீங்கள் மட்டும் அழாமல் அவர் கையில் இன்னும் கொஞ்சம் சீனி போட்டீர்கள்.

ஊருக்குத் திரும்பி வந்து தகரக் கொட்டிலில் இருந்தபோதே ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். சந்திக் கடை இல்லை. அதற்குப் பதிலாகப் பாட்டுப் போட்டபடி பாணும் பணிசும் விற்கிற பாண் ஆட்டோ வந்தது. பொழுது சாயும் நேரம் அதன் பாட்டு தூரத்தில் கேட்டதுமே, "எடியே, மறி மறி!" என்று என்னைத் துரத்துவீர்கள். கல்வீடு கட்டி முடித்த பிறகும் அது மாறவில்லை.

அதனால்தான் எனக்கு முதலில் தெரிந்தது. உங்கள் கடைசி ஆவணி. வான் போய்விட்டது. நீங்கள் தோய்ந்துவிட்டு வந்து இருந்தீர்கள். ஆட்டோ படலையடியில் நின்று பாடிக்கொண்டேயிருந்தது. நீங்கள் வாய் திறக்கவில்லை. நானாக வாங்கி வந்து நீட்டினேன். ஒரு கடி கடித்துவிட்டு, "இண்டைக்கு ஏலாது, பிள்ளை" என்று திருப்பித் தந்தீர்கள். சமைத்த களை என்றார்கள் எல்லோரும். உங்கள் பசியின்மை அவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. பணிசை நீங்கள் திருப்பித் தந்து நான் கண்டதில்லை. நீங்கள் மறுக்க மறுக்க உங்களைக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். வயிற்றில் கட்டி, முற்றிவிட்டது என்றார்கள்.

பிறகு உங்களைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள், ஆப்பிளோடும் தோடம்பழத்தோடும். படுத்த படுக்கையிலும் உங்கள் கண் குசினிப் பக்கம்தான். "அவையளுக்குத் தேத்தண்ணி குடுத்தனியோ?" கொடுத்தேன் என்றால்தான் தலையைத் தலையணையில் வைப்பீர்கள். எனக்குக் கோபம் கோபமாக வரும். வந்தவர்கள் மேலா, உங்கள் மேலா என்று தெரியாது.

கஞ்சித் தண்ணீரும் இறங்காமல் போன ஒரு பின்னேரம், பணிசைத் தேத்தண்ணீரில் நன்றாக ஊறவைத்து உங்கள் உதட்டில் வைத்தேன். தலையை ஆட்டினீர்கள்.

"நீ சாப்பிடு. நான் பாத்துக்கொண்டிருக்கிறன்."

"நீங்கள் சாப்பிடாமல் எனக்கு இறங்காது, மச்சாள்."

"இறங்கும். உன்ர வாயைப் பாத்தாலே எனக்கு ருசி தெரியுது."

சாப்பிட்டேன். கண்ணீரும் மூக்குநீருமாகச் சாப்பிட்டேன். இவ்வளவு காலமும் நான் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது போல, நீங்கள் என்னை இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். முடிந்ததும், "இன்னும் கொஞ்சம் எடன்" என்றீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் அதிகம் பேசவில்லை.

இன்று மத்தியானம் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஐயர் கிரியை முடித்துப் போன பிறகு, வீட்டுப் படையலுக்கு உங்கள் படத்துக்கு முன்னால் தலைவாழையிலை போட்டோம். உங்கள் சின்னம்மாதான் பொறுப்பு. இந்த வயதிலும் அவருடைய அதிகாரம் குறையவில்லை. "அவளுக்கு விருப்பமானதுகளை முன்னுக்கு வையுங்கோ" என்றார். பிரான்சிலிருந்து வந்திருந்த உங்கள் மகன், "அம்மாவுக்கு எல்லாம் பிடிக்கும்" என்றான். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். பொரித்த கத்தரிக்காய்க் குழம்பு என்றது ஒரு குரல். உளுந்து வடை என்றது இன்னொன்று. எல்லாம் நீங்கள் சமைக்க அவரவர் ருசித்துச் சாப்பிட்டவை, மச்சாள். நீங்கள் சாப்பிட்டதை அவர்கள் ஒருவரும் கண்டதில்லை.

நேற்றுப் பின்னேரமே பணிஸ் வாங்கி அலுமாரிக்குள் வைத்திருந்தேன். அதைக் கொண்டுவந்து இலையின் நடுவில் வைத்து, பக்கத்தில் தேத்தண்ணீரும் வைத்தேன்.

"உதென்னடி? கடைப் பணிசையோ திவசத்துக்குப் படைக்கிறது? சனம் என்ன சொல்லும்?" சின்னம்மாவின் குரல் முற்றத்துக்குக் கேட்டிருக்கும்.

"நான் சனத்துக்குப் படைக்கேல்லை, சின்னம்மா. மச்சாளுக்குத்தான் படைக்கிறன்."

உங்கள் தம்பி, "விடுங்கோ, சின்னம்மா. இவளுக்குத்தான் தெரியும்" என்றார். கட்டிய நாள் முதல் அவர் எனக்காகப் பேசியது மிகக் குறைவு. அது இன்று பேசியதில் சரிக்கட்டிப் போயிற்று.

படைத்த பிறகு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும் அல்லவா? ஆட்கள் நின்றால் போனவர்கள் சாப்பிட வரமாட்டார்கள் என்பது எங்கள் வழக்கம். ஒவ்வொருவராக வெளியேறினார்கள். எனக்குக் கால் எழவில்லை. ஆட்களுக்கெல்லாம் போட்டு முடித்துக் கடைசியில் சாப்பிட்ட உங்களை, இன்றைக்கு மட்டும் கதவைச் சாத்தித் தனியே விடுவதா?

"வெளிய வா, பிள்ளை. ஆள் நிண்டா அவள் வரமாட்டாள்."

"நான் விருந்துக்கு வந்த ஆளில்லை, சின்னம்மா. நான் குசினிக்காரி. நான் பக்கத்தில இல்லாம அவா பணிஸ் சாப்பிட்டதேயில்லை."

அப்படியே இலைக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டேன். சின்னம்மா விளக்குத் திரியைத் தூண்டிவிட்டார். பிறகு என்னை உள்ளே வைத்தே கதவைச் சாத்தினார்.

விளக்கு எரிந்தது. தேத்தண்ணீரில் ஆவி பறந்தது. பணிசின் சீனியில் ஓர் எறும்பு ஏறியது. நான் அதைத் தட்டவில்லை. வெளியில் கேட்காதபடி, "இன்னும் கொஞ்சம் போடட்டோ, மச்சாள்?" என்று கேட்டேன். வாழ்நாள் முழுக்க மற்றவர்களிடம் நீங்கள் கேட்ட கேள்வி. உங்களிடம் நான்கூடக் கேட்டிருக்கவில்லை.

இப்போதெல்லாம் எந்த வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும், கை கழுவிய கையோடு அந்த வீட்டுக் குசினிக்குள் போய்விடுகிறேன். சமைத்தவள் அங்கே வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்பாள். "பிறகு சாப்பிடுறன், அக்கா" என்பாள். அந்தப் பிறகு வரும்வரை பக்கத்தில் இருந்துவிட்டுத்தான் எழும்புவேன். உங்கள் தம்பி படலையடியில் மோட்டார்சைக்கிளோடு நின்று புறுபுறுத்தபடி இருப்பார். இருக்கட்டும்.

பாண் ஆட்டோவின் பாட்டு கேட்கிறது. இதோ எழும்பிப் போய் மறித்து, வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். தேத்தண்ணீர் ஊற்றி, பணிசைப் பிய்த்துத் தோய்த்தாயிற்று. படியில் நீங்கள் இருக்கும் பக்கத்தை விட்டு, நான் என் பக்கத்தில் இருக்கிறேன். விடியத்திலிருந்து வராத பசி இப்போதுதான் வருகிறது.

நான் சாப்பிடுகிறேன், மச்சாள். நீங்கள் பார்த்துக்கொண்டிருங்கள்.