கரண்டிக்குக் கரண்டி

ஆடி 3, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். மரவள்ளிக் காட்டில் களை எடுப்பு. மலாயாவுக்கு ஜப்பான்காரன் வந்த புண்ணியத்தில் ரப்பர் மரங்களுக்கு ஓய்வு. எங்களுக்கு இல்லை.

பாட்டில் வைத்தியம், பத்தொன்பதாம் நாள். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் ஐயாவின் யோசனை. இலைக் கஷாயத்தில் சண்டு அபினைக் கரைத்து ஒரு பாட்டில். காலையில் ஒரு கரண்டி, மாலையில் ஒரு கரண்டி. குடித்த ஒவ்வொரு கரண்டிக்கும் ஈடாக வெறும் கஷாயம் ஒரு கரண்டி ஊற்றிவிட வேண்டும். பாட்டில் எப்போதும் நிறைந்திருக்கும், அபின் மட்டும் நாளுக்கு நாள் குறையும். கசப்பில் வித்தியாசம் தெரியாது. என்னை நானே ஏமாற்றும் வித்தை. நாடகக்காரனுக்கு இது புதிதா?

பாட்டில் எங்கள் லயத்து வரிசையில் பக்கத்து வீட்டுப் பொன்னம்மா அக்கா பொறுப்பில். என்னிடம் கொடுத்தால் ஒரே மடக்கு என்று ஐயாவுக்குத் தெரியும்.

பத்து வயதில் நாடக மேடையில் நான் 'குட்டி ராணி'. பினாங்கில் கழுத்து வலிக்க மாலை. பதினாலில் மகரக்கட்டு உடைந்து குரல் தகரமானது. கம்பெனி என்னை விட்டுவிட்டுக் கப்பல் ஏறியது. ஹார்மோனியக்காரர் ஆறுதலுக்குப் பழக்கிய சண்டு மட்டும் போகவில்லை. பதினைந்து வருஷம்.

ஆடி 5, புதன்

நல்ல வெயில். நல்ல பசி. இரண்டு வேளையும் கிழங்கு, இரண்டு வேளையும் ருசி! சந்தேகமாக இருக்கிறது.

காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது கங்காணி எல்லார் முன்னாலும்: "ஞாயித்துக்கெழம அம்மன் பூச. நம்ம குட்டி ராணி பாடுறாரு. ஒருத்தர் பாக்கியில்லாம வந்துரணும்லா."

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மண்ணெண்ணெய் கிடையாது, அதனால் பூசை பட்டப்பகலில். இந்த மூஞ்சியைப் பார்த்துக்கொண்டே பாட்டுக் கேட்க வேண்டும், பாவம் ஜனங்கள்.

பயம்தான். பதினைந்து வருஷமாகச் சண்டு உள்ளே போகாமல் ஒரு வரி பாடியதில்லை. கரண்டியைக் குடித்துவிட்டு ஏற வேண்டியதுதான். அதுவும் இல்லையென்றால் செத்தேன்.

கவனித்தது: கிழங்கு தின்று லயமே கக்கூஸுக்கு ஓடுகிறது. கங்காணி மட்டும் ஓடவில்லை. என்ன வரமோ.

ஆடி 7, வெள்ளி

செய்ய வேண்டியவை: வேட்டி துவைக்க (சாம்பல்தான், சவக்காரம் ஏது). மீசை. தொண்டைக்கு மிளகு. பாட்டு இரண்டு போதும், மூன்றாவது கேட்டால் இருமல்.

பொ. அக்கா சின்ன வயதில் என் நாடகம் பார்த்தவள். இன்றைக்கும் அதே கதை: "ஒன்னைய நெசமாவே பொம்பளப்புள்ளன்னு நெனச்சேன் தம்பி. அந்த ராணி பட்ட கஷ்டத்துக்கு மூணு நாளு அழுதேன்."

"ராணி பட்டது என்ன கஷ்டம்? அதுக்கப்புறம்தான் இருக்கு" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். வீட்டுக்காரரை ஜப்பான்காரன் சியாம் ரயில் பாதை வேலைக்கு லாரியில் ஏற்றிப் போய் மூன்று மாதம். அவள் சிரித்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

போன வாரத்துப் பல்வலி எப்படி என்றேன். "அது போயிருச்சு" என்று வெடுக்கென்று உள்ளே போய்விட்டாள்.

ஆடி 9, ஞாயிறு

பூசை முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் கரண்டியோடு வந்த அக்கா, கொடுக்காமல் அழுதாள். பல்வலிக்கு என் பாட்டிலில் ஒரு கரண்டி எடுத்தாளாம். ஈடாகக் கஷாயமும் ஊற்றிவிட்டாளாம், நியாயமாக. அதைக் கேள்விப்பட்டுக் கங்காணி, வயிற்றோட்டத்துக்கு. பிறகு அவர் சம்சாரம். பிறகு லயம் முழுக்க, ஓர் ஆட்டுக்குட்டி உட்பட. எல்லாரும் கரண்டிக்குக் கரண்டி ஊற்றியிருக்கிறார்கள். என்ன நாணயம்!

பூசைக்கு வந்த டிரஸர் ஐயா, யார் யார் எத்தனை கரண்டி என்று கேட்டு விரல் விட்டுக் கணக்குப் போட்டார். "வெறும் எலத் தண்ணி. மூணு நாலு நாளா நீ இதத்தான் குடிச்சிருக்கே."

அவ்வளவுதான். நான்கு நாள் வராத நடுக்கம் அந்த நிமிஷம் வந்தது. மூக்கு ஒழுகியது, கொட்டாவி மேல் கொட்டாவி. ஐயாவே பயந்துவிட்டார். "தாங்கலேன்னா சொல்லு. நாளைக்குப் புதுசா ஒரு பாட்டில் கலக்கிக் கொண்டாறேன்." கொண்டு வாருங்கள் என்றேன். இன்றைக்கே முடியாதா என்றும் கேட்டேன், வெட்கமில்லாமல்.

மேளம் கொட்டிவிட்டார்கள். போனேன். முதல் வரி பிசிறியது. இரண்டாவது வரியை யாரோ ஓர் ஆண் பாடினான், கனமாக, கொஞ்சம் கரகரப்பாக. யாரென்று திரும்பப் போனேன். நான்தான். இருபத்தொன்பது வயதில் முதல்முறை கேட்கிறேன்.

சந்தோஷம். எழுதவே கூச்சமாக இருக்கிறது, அவ்வளவு சந்தோஷம்.

கங்காணி மட்டும்: "நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா குட்டி ராணி எப்ப வரும்?"

ஆடி 10, திங்கள்

மூடாப்பு வானம். தூக்கமில்லை, கால் குடைச்சல். கிழங்குக் காட்டில் பெண்கள் பாடச் சொன்னார்கள். பாடினேன். யாரும் கை தட்டவில்லை, ஒரு மண்வெட்டியும் நிற்கவில்லை. நான் நிறுத்தியதும்தான் நிமிர்ந்தார்கள்.

டோக்கியோ நேரம் பதினொன்றுக்கு ஐயா சைக்கிளில் வந்தார். புதுப் பாட்டில். கறுப்பாக. மூடியைத் திறந்ததும் அந்த வாசம். வாயெல்லாம் எச்சில். அக்கா மண்வெட்டியைப் போட்டுவிட்டு என்னையே பார்த்தாள்.

"கங்காணிக்குக் குடுங்க ஐயா. காலையிலேருந்து அவருக்குத்தான் மறுபடி ஓட்டம்" என்றேன்.

காடே சிரித்தது. என் கை மட்டும் பாட்டிலை நோக்கி நீண்டது. இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஐயா சைக்கிளைத் திருப்பி, மேடு ஏறி, மறையும் வரை அவிழ்க்கவில்லை.