காற்று விழுத்தாத தடி

வெள்ளவத்தை,
வியாழன் இரவு.

என் அன்பான அக்காவுக்கு,

முதலில் ஒன்று கேட்கிறேன். இதை ஒருவருக்கும் காட்டாதீர்கள். அத்தானுக்கும் வேண்டாம். இரவில் என் போன் அம்மாவிடம்தான் இருக்கும். காலையில் கைக்குக் கிடைத்ததும் இந்தத் தாளைப் படமெடுத்து அனுப்பிவிட்டுக் கிழித்துவிடுவேன். நீங்களும் வாசித்ததும் அழித்துவிடுங்கள்.

இங்கே எல்லோரும் சுகம். மெல்பேர்ணில் குளிர் தொடங்கிவிட்டதா?

எங்கள் இல்ல மெய்வல்லுநர் போட்டி முடிந்தது. உங்கள் பழைய இல்லமும் இப்போது என்னுடையதுமான மகாவலி மூன்று புள்ளியால் முன்னுக்கு நிற்கிறது, களனி இல்லம் இரண்டாவது. உயரம் பாய்தலில் எனக்கு முதலிடம். அம்மா குடும்பக் குழுவில் போட்ட படத்தைக் கண்டிருப்பீர்கள். நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. உங்கள் கலியாணத்துக்குப் பிறகு நீங்களும் அம்மாவும் கதைப்பதில்லை என்பதால் நானும் எதிர்பார்க்கவில்லை.

அக்கா, அந்த முதலிடம் என்னுடையது அல்ல.

உயரம் பாய்தலுக்கு நிஸாம் சேர்தான் நடுவர். அவர் ஓட்டப் போட்டியைத் தொடக்கிவைக்கப் போனதால், மகாவலிக்குப் பொறுப்பாசிரியரான அம்மா அவருடைய இடத்தில் நடுவராக நின்றார். கடைசியில் களனி இல்லத்து ஸும்றாவும் நானும்தான் மிஞ்சினோம். ஒன்று முப்பத்தைந்து மீற்றரை அவள் முதல் தரமே தாண்டினாள். நான் பாய்ந்தபோது தடி விழுந்தது. அம்மா உடனே கையைத் தூக்கி, "காத்து! கடல் காத்துத் தள்ளினது. கணக்கில்லை, திருப்பிப் பாயட்டும்" என்றார். காற்று விழுத்தினால் அது பிழையில்லை என்பதுதான் சட்டம், உங்களுக்கே தெரியும். திருப்பிப் பாய்ந்தேன், தாண்டினேன். ஒன்று நாற்பதை இருவருமே தாண்டவில்லை. முன்னொரு உயரத்தில் ஸும்றா ஒருமுறை தட்டியிருந்தாள், என் கணக்கில் அதுவரை ஒரு பிழையும் இல்லை. அதனால் அவளுக்கு இரண்டாமிடம்.

ஆனால் அது காற்று இல்லை. என் குதிக்கால் பட்டது. எனக்கு நன்றாகத் தெரியும், தோல் உரிந்துபோனது. அதைப் பிழையாக எடுத்திருந்தால் அந்த உயரத்தை அவள் முதல் தரமும் நான் இரண்டாம் தரமும் தாண்டியதாக வந்திருக்கும். முதலிடம் அவளுக்குத்தான்.

ஸும்றா சண்டை பிடிக்கவில்லை. மாளிகாவத்தை பஸ்ஸுக்குப் போகும்போது, "வலயப் போட்டிக்கும் ஒங்கம்மாவக் கூட்டிட்டுப் போ டீ. அங்க ஒனக்கு யாரு காத்துப் புடிக்கிற?" என்று சிரித்தாள். பிள்ளைகளும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வலயப் போட்டிக்கு முதலிடம் எடுத்தவர் மட்டும்தான் போகலாம். மூன்று வருடமாக அவள் அதற்காகத்தான் பாய்கிறாள்.

அன்று பின்னேரம் அம்மா தைலம் கொண்டுவந்து என் காலடியில் இருந்தார். எந்தக் கால் என்று கேட்கவில்லை. நேராக இடது குதிக்காலைப் பிடித்துப் பூசினார். நான் அவருக்கு ஒன்றும் சொல்லியிருக்கவில்லை, அக்கா.

பிறகுதான் வாயைத் திறந்தேன். "அம்மா, அது காத்தில்லை" என்றேன். "நான் காத்தெண்டு சொன்னா காத்துத்தான். பேசாமல் படு பிள்ளை" என்றார். தைலப் போத்தலை மூடிக்கொண்டே, "ஆறு வருசமா மகாவலிக்குப் பொறுப்பா நிக்கிறன். ஒருக்காவும் கிண்ணத்தைத் தொடேல்லை. ஸ்டாஃப் ரூமில என்னைப் பார்த்து என்ன கதைக்கினம் எண்டு உனக்குத் தெரியுமே?" என்றார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

முதலிடத்துக்கு ஐந்து, இரண்டாமிடத்துக்கு மூன்று. இடம் மாறினால் எங்களுக்கு இரண்டு குறையும், களனிக்கு இரண்டு கூடும். ஒரு புள்ளியால் தோற்போம். பல தரம் கூட்டிப் பார்த்துவிட்டேன், வேறு விதமாக வரவில்லை.

நாளைக் காலைக் கூட்டத்தில் முடிவை வாசிப்பதற்கு முன்னர் நிஸாம் சேர், "ஆருக்கும் ஆட்சேபம் இருக்கோ?" என்று கேட்பார். வருடா வருடம் கேட்பார், ஒருவரும் வாய் திறப்பதில்லை. நாளைக்கு நான் எழும்பி நிற்பேன். பயமாக இருக்கிறது. எங்கள் இல்லத்துப் பிள்ளைகள் என்னோடு கதைக்கமாட்டார்கள். அம்மா ஆசிரியர் வரிசையில் முன்னுக்கு இருப்பார். இருந்தாலும் எழும்புவேன். என் குதிக்கால் பட்டது, அம்மா நின்ற இடத்திலிருந்து அது தெரிந்திருக்காது என்று சொல்லுவேன். தைலம் பூசியதை உங்களைத் தவிர ஒருவருக்கும் சொல்லமாட்டேன்.

மறித்து எழுதாதீர்கள், நான் கேட்கமாட்டேன். எனக்காக ஒன்று மட்டும் செய்யுங்கள். நாளைக்குப் பின்னேரம் அம்மாவுக்கு அழைப்பெடுங்கள். போட்டியைப் பற்றிக் கேட்க வேண்டாம். சாப்பிட்டீங்களோ என்று கேட்டாலே போதும். நாளைக்கு இந்த வீட்டில் என்னோடு அவர் கதைக்கமாட்டார். அவருக்கு யாராவது வேண்டும். நீங்கள் எடுத்தால் அவர் அழுவார், அழட்டும், நீங்கள் வைத்துவிடா...

கதவு தட்டுகிறது. அம்மாதான். ஒருநாளும் தட்டிவிட்டு வருகிறவர் இல்லை, அக்கா, இப்போது தட்டிவிட்டு வெளியிலேயே நிற்கிறார்.