அண்ணாச்சிக்கு மூன்று கடை கொடுத்த சாமி

அன்புள்ள பியூலாவுக்கு,

டன்லப் தெருவிலிருந்து தங்கதுரை எழுதுவது. நான் சுகம், கடைகளும் சுகம். மகளுக்குப் பிறந்த பேரனின் படம் பார்த்தேன். உன் வீட்டு மூக்கு, பரவாயில்லை. போனில் பேசினால் மகள் பக்கத்தில் இருப்பாள். அதனால்தான் நாளைக்கு நீ இருக்கிற பெர்த்துக்கு வருகிற பக்கத்து வீட்டு சுதாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தனியாக வாசி.

விஷயம் உன் தம்பி எபனேசரைப் பற்றியது. அவனைப் போதகராக வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைக் கமிட்டி முடிவெடுக்கப்போகிறது. பாதிப் பேர் அந்தப் பக்கம், பாதிப் பேர் இந்தப் பக்கம். என் கைதான் மிச்சம்.

வருசா வருசம் சுவிசேஷக் கூட்டத்தில் நான் சாட்சி சொல்வது உனக்குத் தெரியும். தெருவோரம் பை விற்றவனைக் கர்த்தர் மூன்று கடைக்கு முதலாளி ஆக்கிய கதை. பூன் லே விடுதியில் தங்கியிருக்கும் நம் ஊர் வேலையாட்கள் வேன் பிடித்து வந்து கேட்பார்கள். இந்த வருசம் உன் தம்பி, "அத்தான், உங்க கதை வேணாம். இயேசு யாரு, ஏன் சிலுவையில செத்தாரு, எப்படி உயிர்த்தாரு, அதை மட்டும் சொல்லுவோம்" என்றான். எனக்குச் சுருக்கென்றது. சரக்கை வெளியே தொங்கவிட்டால்தானே ஆள் உள்ளே வரும்? கடைசியில் அவன் சொன்னபடிதான் நடந்தது. கூட்டத்தில் பாதி நாற்காலி காலி. "உங்க மச்சான் சபையையே காலி பண்ணிடுவாரு லா" என்றார் கமிட்டித் தலைவர். நானும் ஆமாம் போட்டேன்.

போன வாரம் சுரேந்தர் கப்பல் பட்டறையில் சாரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டான். என் சாட்சியைக் கேட்டுச் சபைக்கு வரத் தொடங்கிய பையன். நானும் எபனேசரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஜெபிக்கலாமா என்றதும் அவனே கைகூப்பி, "அண்ணாச்சிக்கு மூணு கடை குடுத்த சாமி, என் காலைக் குடுத்துரு" என்றான். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க சொன்னா சாமி கேக்கும்ல? நான் என்ன தப்புப் பண்ணேன் அண்ணாச்சி?" என்று கேட்டான்.

அவன் ஜெபத்தில் நான் இருந்தேன். இயேசு இல்லை.

உன் தம்பி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கட்டில் ஓரம் உட்கார்ந்து, சிலுவையில் கையிலும் காலிலும் ஆணி அடித்ததை மெதுவாகச் சொன்னான். சுரேந்தர், "அவருக்கும் காலா?" என்று கேட்டான். தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று நான் வெளியே வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து ஒன்றும் புரியவில்லை. நான் சொன்னது பொய்யில்லை. கடைகள் அவர் கொடுத்ததுதான். பொய் சொல்லாமலே ஒருவனை எப்படி வேறு வாசலில் கொண்டுபோய் விட்டேன்? காலி நாற்காலிக்குப் பிரசங்கம் செய்து என்ன பயன் என்றும் தோன்றுகிறது. வியாபாரத்தில் ஒரு நாளும் இப்படி மாட்டிக்கொண்டதில்லை.

உன் தம்பிக்கு எதிராகக் கை தூக்க மாட்டேன். அது மட்டும் தெளிவு. ஆனால் இன்று சுரேந்தர் போன் பண்ணினான். "போதகர் பாதியில விட்டுட்டுப் போனாரு. ஆபரேசனுக்கு முன்னாடி நீங்க வந்து மீதியச் சொல்லுங்க அண்ணாச்சி" என்கிறான். கடையைத் தள்ளிவைத்துவிட்டு அவரைப் பற்றிப் பேசலாம் என்று உட்கார்ந்தால் எனக்கு வார்த்தை வரவில்லை, பியூலா. இத்தனை வருசம் என் பக்கத்தில் முழங்காலில் நின்றாயே, அவரிடம் என்ன பேசினாய் என்று நான் கேட்டதே இல்லை. மகளும் பிள்ளையும் தூங்கும் நேரம் பார்த்துக் கூப்பிடு.

தாயையும் சேயையும் அவர் காக்கட்டும். என்னையும் அவரிடம் சொல்லி வை.

உன்
தங்கதுரை